கென் புக்கானன்: மேடையில் வென்றதும் மேசையில் இழந்ததும்

1972 ஜூன் 26 இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பதின்மூன்றாவது சுற்று முடிந்ததற்கான மணி அடித்த பிறகும் மேடையில் இருந்த இருவரும் குத்துவதை நிறுத்தவில்லை. கடைசியாக விழுந்த அடியில், கட்டம்போட்ட ஸ்காட்லாந்து டார்டன் துணியில் தைத்த அரைக்கால் சட்டை அணிந்திருந்தவர், இரு கைகளாலும் அடிவயிற்றுக்குக் கீழே பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். நடுவர் ஜானி லோபியான்கோ, அந்த அடி இடுப்புக்கு மேலே வயிற்றில்தான் விழுந்தது என்றார். விழுந்தவர் போட்டியைத் தொடரும் நிலையில் இல்லை என்று கூறி, எதிராளியை வெற்றியாளராக அறிவித்தார். வென்றவர் பனாமாவைச் சேர்ந்த 21 வயது ராபர்ட்டோ துரான். தோற்றவர், அதுவரை லைட்வெயிட் எடைப்பிரிவின் உலகக் குத்துச்சண்டை வாகையராக இருந்த எடின்பரோ நகரத்துக் கென் புக்கானன்.

அந்த ஓர் அடியைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசியாகிவிட்டது. பழைய பதிவைப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தீர்ப்பு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் புக்கானனின் தொழில் வாழ்க்கையை அந்த ஒற்றை நொடியில் அடக்கிவிட்டால் மிச்சக் கதை கண்ணில் படாமல் போய்விடும். அவர் மேடையில் வென்றவற்றில் பலவற்றை மேடைக்கு வெளியே இருந்தவர்கள் அங்கீகரிக்க மறுத்தார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டார்கள். குத்துச்சண்டையில் உலகப் பட்டம் என்பது யார் கொடுப்பது, யார் பறிப்பது, சொந்த ஊரில் ஒருவருக்குப் பெயர் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் எதைப் பொறுத்தது என்பதைப் புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் ஸ்காட்லாந்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

புக்கானன் பிறந்தது 1945 ஜூன் 28 அன்று. குத்துச்சண்டைக்கு ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பே வலுவான மரபு இருந்தது. 1935-ல் கிளாஸ்கோவின் பென்னி லிஞ்ச் ஃப்ளைவெயிட் எடைப்பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 1966-ல் வால்டர் மெக்கோவன் அதே பிரிவில் வென்றார். மெலிந்த, எடை குறைந்த வீரர்களின் நாடு என்றே அது அறியப்பட்டது. புக்கானன் எட்டு வயதில் எடின்பரோவின் ஸ்பார்ட்டா குத்துச்சண்டைக் கழகத்தில் சேர்ந்தார். வளர்ந்தபின் தச்சு வேலை கற்றார். 1965-ல் பிரிட்டனின் அமெச்சூர் ஃபெதர்வெயிட் பட்டத்தை வென்று, அதே ஆண்டு செப்டம்பரில் தொழில்முறைக்கு வந்தார்.

அவர் தொழில்முறையில் முதன்முதலில் ஏறிய மேடை லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பினுடையது. இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய பிற்காலத் துயரங்களில் ஒன்று இங்கேதான் தொடங்குகிறது. அது பொது அரங்கம் இல்லை, உறுப்பினர்களுக்கு மட்டுமான தனியார் மன்றம். கறுப்பு டை கட்டிய கனவான்கள் இரவு விருந்து முடித்துச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு சண்டை பார்ப்பார்கள். சுற்று நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது; மணி அடித்த பிறகுதான் கைதட்டலாம். கையுறை தோலில் மோதும் ஒலியும் காலணி கித்தானில் உரசும் ஒலியும் மட்டும் கேட்கும் அப்படிப்பட்ட கூடங்களில்தான் புக்கானன் தன் முதல் வெற்றிகளைக் குவித்தார். விமர்சகர்கள் வியந்தார்கள். ஆனால் ஆலையிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்து சீட்டு வாங்கிச் சத்தம்போடும் கூட்டம் அவரைப் பார்க்கவே இல்லை. ஸ்காட்லாந்து மண்ணில் தொழில்முறை வீரராக முதன்முதலில் அவர் சண்டையிட்டது 1967 ஜனவரியில், தன் பதினேழாவது போட்டியில்தான்.

காரணம் எளிமையானது. அவருடைய மேலாளர் எடி தாமஸ், வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் ஊர்க்காரர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி, தானும் ஒரு காலத்தில் வெல்டர்வெயிட் பிரிவில் பிரிட்டிஷ், ஐரோப்பியப் பட்டங்களை வென்றவர். வெட்டுக் காயத்தை ஒரு நிமிட இடைவேளைக்குள் அடக்குவதில் அவருக்கு நிகர் அந்நாளில் அரிது. ஆனால் பிரிட்டனின் பெரிய அரங்குகளும் பெரிய இரவுகளும் லண்டனின் ஒரு சில ஏற்பாட்டாளர்கள் கையில் இருந்தன. தாமஸ் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர். எனவே 1968 பிப்ரவரியில் மோரிஸ் கல்லனைப் பதினோராம் சுற்றில் நாக் அவுட் செய்து பிரிட்டிஷ் லைட்வெயிட் பட்டத்தை வென்ற பிறகும், கையில் பட்டம் இருந்ததே தவிர, பையில் பணம் சேரவில்லை. 1970 ஜனவரியில் ஐரோப்பியப் பட்டத்துக்காக மாட்ரிட் போனவர் மிகுவேல் வெலாஸ்கேஸிடம் புள்ளிகளில் தோற்றார். அது அவருடைய முதல் தோல்வி.

அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு வந்தது. அது நல்லெண்ணத்தில் வந்த வாய்ப்பு என்று சொல்ல முடியாது. வாகையர் இஸ்மாயில் லகூனா பனாமாக்காரர், 1965-ல் பெரும்புகழ் கார்லோஸ் ஓர்ட்டிஸை வீழ்த்தி முதன்முறை பட்டம் வென்றவர். அவருக்கு எதிராக, வெளியுலகம் அதிகம் அறியாத ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இடம் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், திறந்தவெளி விளையாட்டரங்கம், பட்டப்பகல். வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. குளிர்நாட்டுக்காரர் ஐந்தாறு சுற்றில் உருகிவிடுவார் என்பதுதான் பலருடைய கணிப்பு. அவருடைய மூலையில் இருந்தவர்கள் இடைவேளைதோறும் தலைக்குமேல் குடை பிடித்தார்கள், பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றினார்கள். புக்கானன் இடக்கையை நேராக நீட்டி நீட்டிக் குத்தியபடி, எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்துக்கு ஓர் அங்குலம் வெளியிலேயே நின்று, பதினைந்து சுற்றையும் முடித்தார். புள்ளி போட்ட மூன்று நடுவர்களில் இருவர் வெற்றியை அவருக்குக் கொடுத்தார்கள். பட்டம் கைமாறியது.

இங்கிருந்துதான் மேசை வேலை தொடங்குகிறது. அன்றைக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு உலக அளவில் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று அமெரிக்காவில் 1921-ல் தேசியச் சங்கமாகத் தொடங்கி 1962-ல் உலகக் குத்துச்சண்டைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்ட டபிள்யூ.பி.ஏ. மற்றொன்று 1963-ல் மெக்சிகோ நகரில் உருவான உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில், அதாவது டபிள்யூ.பி.சி. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டாவது அமைப்பின் பக்கம் இருந்தது. அந்தக் கவுன்சிலோ லகூனாவிடமிருந்து தன் அங்கீகாரத்தை முன்பே விலக்கிக்கொண்டிருந்தது. ஆகவே புக்கானன் லகூனாவிடமிருந்து வென்றது சங்கத்தின் பட்டம் மட்டுமே. பிரிட்டிஷ் வாரியத்தின் கணக்கில் அவர் உலக வாகையரே இல்லை. கடல் கடந்து, வெயிலில் வெந்து, வெளிநாட்டு நடுவர்கள் முன்னிலையில் வென்றவரைச் சொந்த நாடே வாகையராக ஏற்க மறுத்தது. ஊர் திரும்பியபோது வரவேற்கப் பெரிய கூட்டம் எதுவும் இல்லை.

அமெரிக்கா அவரை வேறு விதமாக நடத்தியது. 1970 டிசம்பர் 7 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலி, ஆஸ்கார் பொனவேனா சண்டைக்கு முன்னதாகப் புக்கானன் கனடாவின் டொனாட்டோ படுவானோவை வென்றார். எதிராளி அவரைவிட எடை கூடியவர், அதுவரை தோல்வியே காணாதவர். அன்று அலிக்குத் தன் உடைமாற்றும் அறையில் இடம் கொடுத்ததையும், நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவரிடம் சொன்னதையும் புக்கானன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆண்டின் சிறந்த வீரராக அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தது புக்கானனைத்தான். அலியும் ஜோ ஃப்ரேஸியரும் களத்தில் இருந்த ஆண்டு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வைப் பார்க்க வேண்டும்.

1971 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ரூபன் நவாரோவைப் பதினைந்து சுற்றில் வென்று கவுன்சிலின் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு அமைப்புகளும் ஒப்புக்கொண்ட ஒரே லைட்வெயிட் வாகையர் அவர்தான் என்ற நிலை வந்தது. மே மாதம் லண்டனில் முன்னாள் உலக வாகையர் கார்லோஸ் ஹெர்னாண்டஸை எட்டாம் சுற்றில் நிறுத்தினார். ஆனால் இந்த ஒற்றுமை ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை. ஸ்பெயினின் பெட்ரோ கராஸ்கோவுடன் மோத வேண்டும் என்று கவுன்சில் எதிர்பார்த்தது. புக்கானன் தரப்போ லகூனாவுடனான மறுபோட்டிக்கு ஒப்பந்தம் செய்தது. ஜூனில் கவுன்சில் தன் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. யாரும் அவரைக் குத்தி வீழ்த்தவில்லை; ஒரு தீர்மானத்தில் பாதி மகுடம் போயிற்று.

அந்த மறுபோட்டி 1971 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் நடந்தது. சண்டையின் நடுவில் புக்கானனின் இடது கண்ணுக்குக் கீழே இரத்தம் கட்டி வீங்கி, இமை மூடத் தொடங்கியது. பார்வை போனால் நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார். இடைவேளையில் எடி தாமஸ் சவரக் கத்தியின் விளிம்பால் அந்த வீக்கத்தைக் கீறி, தேங்கிய இரத்தத்தை வெளியேற்றினார். கண் திறந்தது. இதை இன்றைக்கு எந்த ஆணையமும் அனுமதிக்காது. அன்றைக்கு அது மூலையில் நிற்பவரின் கைத்திறன். தொழிலில் இருப்பவர்கள் புக்கானனின் இடக்கையைப் புகழ்வார்கள், நகரும் காலைப் புகழ்வார்கள். எனக்கு மனத்தில் நிற்பது, முகத்தருகே கத்தி வரும்போது தலையை அசைக்காமல் முக்காலியில் உட்கார்ந்திருந்த அந்தச் சில விநாடிகள். பதினைந்து சுற்றின் முடிவில் மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள்.

இனி துரான். அந்தச் சண்டையை நேர்மையாகப் பேச வேண்டுமென்றால் இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துத்தான் பேச வேண்டும். முதலாவது, துரான் முன்னிலையில் இருந்தார். தொடக்க மணி அடித்த சில நொடிகளிலேயே புக்கானன் கையால் தரையைத் தொட நேர்ந்து, நடுவர் எண்ணத் தொடங்கினார். அதன் பிறகும் தலையால் முட்டி, தோளால் தள்ளி, நெருங்கி நெருங்கி அடித்த அந்த இளைஞனைப் புக்கானனின் நீண்ட இடக்கையால் தள்ளிவைக்க முடியவில்லை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று புள்ளி அட்டைகளிலும் துரான் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாவது, அந்த முடிவு சரியானதல்ல. மணிக்குப் பின் விழுந்த அடி அது. விழுந்த இடமும் விதிக்குப் புறம்பானது என்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். அது முழங்கால் இடி என்று சொன்னவர்களும் உண்டு. நடுவர் ஒருவருடைய கண்ணுக்கு மட்டும் அது முறையான அடியாகத் தெரிந்தது. அப்போது திரும்பிப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்த வழி இல்லை.

முதல் உண்மையை மறைத்து இரண்டாவதை மட்டும் சொல்லும் பழக்கம் ஸ்காட்லாந்து ரசிகர்களிடம் உண்டு. இரண்டாவதைத் தட்டிக்கழிக்கும் பழக்கம் துரானைக் கொண்டாடுபவர்களிடம் உண்டு. உண்மையான அநியாயம் அந்த இரவுக்குப் பிறகு நடந்தது என்பதே என் கருத்து. சர்ச்சையில் முடிந்த உலகப் பட்டப் போட்டிக்கு மறுபோட்டி என்பது எழுதப்படாத மரபு. துரான் லைட்வெயிட் பட்டத்தை 1979 வரை கையில் வைத்திருந்தார்; பன்னிரண்டு முறை அதைக் காத்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடப் புக்கானனுக்கு எதிராக இல்லை. தான் மோதியவர்களில் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர் புக்கானன் என்று துரானே பின்னாளில் சொன்னார். அந்தப் பாராட்டு அவருக்கு மகிழ்ச்சி தந்திருக்கலாம், ஆனால் அவர் கேட்டது பாராட்டை அல்ல.

மூன்றே மாதத்தில், அதே கார்டன் மேடையில், ஓர்ட்டிஸுடன் மோதினார். ஆறாம் சுற்று முடிந்ததும் ஓர்ட்டிஸ் முக்காலியை விட்டு எழவில்லை; அதன் பிறகு அந்தப் பெரிய வீரர் மேடை ஏறவும் இல்லை. பிறகு 1973 ஜனவரி 29 அன்று கிளாஸ்கோவில் நடந்த சண்டையைத்தான் ஸ்காட்லாந்துக் குத்துச்சண்டை வரலாற்றின் திருப்புமுனை என்று சொல்வேன். புக்கானன் விட்டுக்கொடுத்திருந்த பிரிட்டிஷ் பட்டம் அப்போது கிளாஸ்கோவின் இடக்கை வீரர் ஜிம் வாட்டிடம் இருந்தது. இருவரும் பதினைந்து சுற்று மோதினார்கள். புக்கானன் புள்ளிகளில் வென்றார். மூன்றாவது பிரிட்டிஷ் பட்ட வெற்றி என்பதால், பிரிட்டிஷ் வாகையருக்குத் தரப்படும் லான்ஸ்டேல் கச்சை நிரந்தரமாக அவருக்கே சொந்தமாயிற்று. ஒரு முன்னாள் உலக வாகையரும் ஒரு வருங்கால உலக வாகையரும் மோதிய அந்தச் சண்டை நடந்த இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்போர்ட்டிங் கிளப், மறுபடியும் ஒரு விருந்து மன்றம். ஓர் ஓட்டல் கூடத்துக்குள் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர் மட்டுமே அதைப் பார்த்தார்கள்.

வாட்டின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1976-க்குப் பின் வாட், டெரி லாலெஸ் என்ற லண்டன் மேலாளரிடம் சேர்ந்தார். லாலெஸும் மிக்கி டஃப் போன்ற ஏற்பாட்டாளர்களும் ஒரே அணி. அரங்கமும் தொலைக்காட்சியும் அவர்கள் கைக்குள் இருந்தன. துரான் எடை கூடி மேல்பிரிவுக்குப் போனதால் காலியான கவுன்சில் பட்டத்துக்கு 1979 ஏப்ரலில் வாட் கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில் கொலம்பியாவின் ஆல்ஃபிரடோ பிட்டலுவாவைப் பன்னிரண்டாம் சுற்றில் நிறுத்தி வாகையரானார். நான்கு முறை காத்தார். நான்கும் கிளாஸ்கோவில்! 1980 ஜூனில் ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹவர்டு டேவிஸை அவர் வென்றபோது கூட்டம் பாட்டுப் பாடியது. 1981 ஜூனில் லண்டனில் அலெக்ஸிஸ் ஆர்குயெல்லோவிடம் தோற்று, அத்தோடு ஓய்வும் பெற்று, தொலைக்காட்சி வர்ணனையாளராகப் பல ஆண்டுகள் வீடுதோறும் அறிமுகமானார். வாட்டைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கிடைத்த வாய்ப்பை உழைத்துப் பயன்படுத்திக்கொண்ட நல்ல வீரர் அவர். ஆனால் புக்கானன் உலக வாகையராக இருந்த காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு முறைகூடத் தன் உலகப் பட்டத்தைக் காத்து ஆடவில்லை. சான் ஹுவான், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று அவர் ஆடிய உலகப் பட்டப் போட்டிகள் அத்தனையும் கடலுக்கு அப்பால். வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்தவரை ஊர் கொண்டாடியது. செய்தித்தாளில் படித்தவரை மதித்தது. மதிப்பும் கொண்டாட்டமும் ஒன்றல்ல.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974 மே மாதம் இத்தாலியின் கால்யாரியில் உள்ளூர்க்காரர் அன்டோனியோ புட்டுவை ஆறாம் சுற்றில் வீழ்த்தி ஐரோப்பியப் பட்டம் வென்றார். 1975 பிப்ரவரியில் டோக்கியோவில் ஜப்பானின் கட்ஸ் இஷிமாட்சுவிடம் கவுன்சில் பட்டத்துக்கான சண்டையில் புள்ளிகளில் தோற்றார். அந்த ஆண்டிலேயே விலகினார். பத்தாண்டுத் தொழிலில் மொத்தம் மூன்றே தோல்விகள். அங்கே நின்றிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் எடின்பரோவில் நடத்திய ஓட்டல் கைகொடுக்கவில்லை, மணவாழ்வும் முறிந்தது; 1979-ல் திரும்பி வந்தார். அந்த டிசம்பரில் கோபன்ஹேகனில் ஐரோப்பிய வாகையர் சார்லி நேஷிடம் தோற்றார். மூன்று மாதம் கழித்து அதே நேஷை வாட் கிளாஸ்கோவில் நான்காம் சுற்றில் நிறுத்தினார். புக்கானனுக்கு அதன்பின் இன்னும் நான்கு தோல்விகள், 1982 ஜனவரியோடு உரிமம் பெற்ற சண்டைகள் முடிந்தன. 69 போட்டி, 61 வெற்றி, அவற்றில் 27 நாக் அவுட், 8 தோல்வி என்பது பதிவேட்டில் உள்ள கணக்கு. அந்த எட்டில் ஐந்து, 34 வயதுக்குப் பிறகு வந்தவை. பின்னர் உரிமம் இல்லாத சண்டைகளிலும் இறங்கினார். தச்சு உளியையும் மறுபடி கையில் எடுத்தார்.

2000-ல் அமெரிக்காவின் கேனஸ்டோட்டாவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மாளிகை அவரைச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோவில் அவருக்குச் சிலை திறக்க 2022 ஆகஸ்ட் வரை ஆயிற்று. மறதிநோயால் பாதிக்கப்பட்டிருந்த நிலையிலும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 2023 ஏப்ரல் 1 அன்று, 77 வயதில் காலமானார்.

புக்கானனுக்குப் பின் எல்லா அமைப்புகளும் ஒப்புக்கொண்ட உலக வாகையராக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2021 மே 22 அன்று லாஸ் வேகஸில் ஹோசே ராமிரெஸை வென்று, எடின்பரோவுக்கு அருகில் உள்ள பிரஸ்டன்பான்ஸ் ஊரின் ஜோஷ் டெய்லர், லைட்வெயிட்டுக்கு அடுத்த மேல்பிரிவில் நான்கு கச்சைகளையும் சேர்த்துக்கொண்டார். சிறுவயதிலிருந்து தனக்கு முன்மாதிரி புக்கானன்தான் என்று சொல்லிவந்தவர் அவர். 1971-ல் இரண்டாக இருந்த அமைப்புகள் இப்போது நான்கு. ஒவ்வொன்றுக்கும், வாகையர் மோதியே ஆகவேண்டிய கட்டாயப் போட்டியாளர் தனித்தனி, கெடுவும் தனித்தனி. 2022-க்குள் நான்கில் மூன்று கச்சைகள், யாரும் அவரைத் தோற்கடிக்காமலேயே, டெய்லரை விட்டுப் போயின. மிஞ்சிய ஒன்றை அவர் 2023 ஜூன் 10 அன்று டியோஃபிமோ லோப்பஸிடம் புள்ளிகளில் இழந்தார். புக்கானன் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. சண்டை நடந்த இடம், மேடிசன் ஸ்கொயர் கார்டன் கட்டடத்துக்குள் இருக்கும் சிறிய அரங்கம்.